சேவாகிராமத்துக்கு வந்த நாத்திகர்

நண்பர்களே, கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இந்த மேடையில் தீர்க்கப் போவதில்லை. உண்டு என்ற ஒருவரும் இல்லை என்ற ஒருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். காந்தியும் ஆந்திரத்து கோராவும்தான் அந்த இருவர்.

கோபராஜு ராமச்சந்திர ராவ் என்பது கோராவின் முழுப்பெயர். தாவரவியல் ஆசிரியர். நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொஞ்ச காலம் பாடம் நடத்தியிருக்கிறார். நாத்திகத்தை வெளிப்படையாகச் சொன்னதால் பின்னாளில் வேலை பறிபோனது. 1940-இல் கிருஷ்ணா மாவட்டத்தின் முதுநூரில் நாத்திக மையம் தொடங்கினார். அங்கே தீண்டாமை ஒழிப்புதான் முக்கிய வேலை. காந்திக்கும் அது உயிரான வேலை. இருவரையும் பேசவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

1940-களின் நடுவில் கோரா காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமம் போனார். நாத்திகம் எதற்கு என்று காந்தி கேட்டார். கோரா தத்துவம் பேசவில்லை. வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாவில் கண்டதைச் சொன்னார். தின்பண்டங்கள் அடுக்கிய கடைகளின் பக்கத்திலேயே மனிதர்கள் பசியால் விழுந்து செத்தார்கள். விதி என்று நம்பியதால்தானே சும்மா செத்தார்கள் என்பது அவர் வாதம். ராம நாமத்தை மூச்சாகக் கொண்டவரிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! காந்தி குறுக்கே விழவில்லை, பொறுமையாகக் கேட்டார். என் ஆத்திகம் சரியென்றோ உங்கள் நாத்திகம் தவறென்றோ என்னால் சொல்ல முடியாது, நாம் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற கருத்தில் அவரிடம் பேசினார்.

சரி, இப்படிப் பெருந்தன்மையாகப் பேச இன்னும் சிலராலும் முடியும். நான் காந்தியை வணங்குவது அடுத்து அவர் செய்த காரியத்துக்காக. கோராவின் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் திருமணம் பேசினார்கள். ஆசிரமத்திலேயே நடத்தலாம் என்றார் காந்தி. ஆனால் அங்கே வழக்கப்படி கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்க கோரா குடும்பத்தாருக்கு மனம் ஒப்புமா? கடவுளுக்குப் பதில் சத்தியத்தின் பெயரால் எடுக்கட்டும் என்று காந்தி ஒப்புக்கொண்டார். அவருடைய ஆசிரமம், அவர் ஏற்படுத்திய முறை. விருந்தாளிக்காக அதையே மாற்றினார்.

அதற்காக காந்தி ராமனை விட்டுவிடவில்லை. கோராவும் 1975-இல் சாகும்வரை நாத்திகர்தான்.

அந்தத் திருமணத்தைப் பார்க்க காந்திக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1948 ஜனவரியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரமத்தார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மார்ச் மாதம் சேவாகிராமத்திலேயே திருமணம் நடந்தது.