பாலம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் கேட்கட்டும்

(பினாங்குப் பாலத்தின் 40-ஆம் ஆண்டை ஒட்டி, ஜார்ஜ் டவுனில் நடந்த பொறியியலாளர் சங்க நினைவுச் சொற்பொழிவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் டத்தோ அவர்களே, கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு நமக்காகவே வந்திருக்கும் முன்னாள் தலைவர் டான் ஸ்ரீ அவர்களே, மாநில அரசின் சார்பில் வருகை தந்திருக்கும் மாண்புமிகு ஐயா அவர்களே, செயலவை உறுப்பினர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பல்கலைக்கழக மாணவ மாணவியரே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

டான் ஸ்ரீ அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சங்கத்துக்குச் சொந்த அறைகூட இல்லாத காலத்தில் தன் அலுவலகத்தைத் திறந்துவிட்டவர் அவர். கூட்டம் முடிந்து நாற்காலியை மடக்கி வைத்தவரும் அவர்தான். டத்தின் அம்மையார் இன்று நமக்குக் குத்துவிளக்கு ஏற்றித் தந்தார்கள். மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கோயில் நிர்வாகத்தாருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சொற்பொழிவைச் சிறு நூலாக அச்சிட்டு, ஒருவர் விடாமல் கையில் கொடுத்து அனுப்பும் நம் செயலாளருக்குத் தலைவர் சற்று முன் பொன்னாடை போர்த்தினார். மிகவும் பொருத்தமான மரியாதை. அந்த நூல்கள் இல்லையென்றால் இந்த மேடையில் பேசியவை எல்லாம் மேடையோடு போயிருக்கும்.

இன்று செப்டம்பர் 14. 1985-இல் இதே நாளில்தான் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அதுவரை இந்தத் தீவிலிருந்து காரில் அக்கரைக்குப் போக ஃபெரியை விட்டால் வேறு வழி கிடையாது. இங்கே முன் வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் காரை நிறுத்திக் காத்திருந்தவர்கள். நாளை செப்டம்பர் 15. 1861-இல் அந்த நாளில் பிறந்த விஸ்வேஸ்வரய்யாவின் நினைவாகத்தான் இந்தியாவில் பொறியாளர் நாள் கொண்டாடுகிறார்கள். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணையை எழுப்பியவர். இரண்டு நாளும் அடுத்தடுத்து வருவதால் நம் சங்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு விழா எடுக்கிறது. நல்ல வழக்கம்.

மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, நினைவுச் சொற்பொழிவு எதற்காக நடத்துகிறோம் என்பது. இரண்டாவது, அதில் எதைப் பேச வேண்டும் என்பது. மூன்றாவது, சங்கத்தின் நிதி நிலையும் இளைஞர் பிரிவும்.

முதலாவதைச் சொல்வதற்கு எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது மனப்பாடமே ஆகியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. படித்தது நடப்புக்கு வர வேண்டும். நாம் நடத்தும் சொற்பொழிவும் அப்படித்தான். அரங்குக்கு வெளியே ஒரு மனிதருக்காவது அது போய்ச் சேர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஒரு ஹோட்டலில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். அன்றைய தலைப்பு, கட்டடங்களுக்கு அடியில் இறக்கும் பைல் தூண்கள். பேச வந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர், தமிழர் அல்லர், மிக நல்ல மனிதர். பேராசிரியர் சின் ஃபங் கீ 1970-இல் வெளியிட்ட முறையை விளக்கிக்கொண்டிருந்தார். பொறியியல் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: ஒரு தூணின் மேல் சுமையை ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறோம். இறக்கத்தைச் சுமையால் வகுத்து, அந்த எண்ணை இறக்கத்துக்கு எதிரே புள்ளி வைத்துக்கொண்டே போனால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து அமையும். அந்தக் கோட்டின் சரிவிலிருந்து, தூணை உடைத்துப் பார்க்காமலே அது கடைசியாக எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிட்டுவிடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஒருவர் கண்ட வழி; இன்றைக்கும் உலகம் முழுக்கப் பைல் சோதனை செய்பவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் பெயரால் ஒரு நினைவுச் சொற்பொழிவும் நடந்து வருகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். பேச்சு முழுக்க ஆங்கிலம். திரையில் வரைபடம் மேல் வரைபடம். கடைசி வரிசையில் ஒரு பெரியவர், பத்தேக் சட்டை, மடியில் குடை. பேத்தி பொறியியல் மாணவி. அவளைக் கொண்டுவந்து விடத்தான் வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்து, கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். வழக்கம்போல் யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் தே தாரிக் ஆற்றும் சத்தம் கேட்கிறது, பாதிப் பேர் கறிபாப் தட்டைப் பார்க்கிறார்கள். அப்போது பெரியவர் எழுந்து நின்றார்.

“ஐயா, நான் பைலிங் வேலையில இருந்தவன். ஒரு சந்தேகம், கேக்கலாமா?” என்றார், தமிழில்.

பேத்திக்கு முகம் சிவந்துவிட்டது. தாத்தாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் உட்காரவில்லை. “பிறைப் பக்கம் கடலோரத்துல வேலை செய்யும்போது, சாயங்காலம் சுத்தியல் அடிக்க அடிக்கத் தூண் சுளுவா இறங்கிக்கிட்டே இருக்கும். இருட்டிப் போச்சுன்னு நிறுத்திட்டு மறுநாள் காலையில வந்து அடிச்சா அசையாது. அதே தூண், அதே சுத்தியல். ராத்திரியில மண்ணுக்குள்ள என்ன ஆகுது?”

பேத்திதான் மொழிபெயர்த்தாள், குரல் நடுங்க. பேராசிரியர் மேடையில் நிற்கவில்லை. இறங்கி நடந்து கடைசி வரிசைக்கே வந்து, பெரியவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் படம் போட்டார். களிமண்ணுக்குள் துளித்துளியாக நீர் இருக்கிறது. தூண் உள்ளே இறங்கும்போது அந்த நீருக்குத் தப்பிக்க வழி இல்லை, அழுத்தம் ஏறுகிறது, மண் தன் பிடியை விட்டுவிடுகிறது. அதனால் தூண் சுளுவாக இறங்குகிறது. அடிப்பதை நிறுத்திவிட்டால் நீர் மெல்ல மெல்லக் கசிந்து விலகும், அழுத்தம் குறையும், களிமண் தூணை மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால்தான் களிமண்ணில் இறக்கிய தூணை அன்றைக்கே சோதிப்பதில்லை, நாள் விட்டுத்தான் சுமை ஏற்றுகிறோம். பேத்தி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். கடைசியில் அவள் குரலில் நடுக்கமே இல்லை.

பெரியவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “அப்போ எங்க மண்டோர் சொன்னது சரிதான். மண்ணு ராத்திரி தூங்கி எழுந்து பலமாயிடுச்சும்பாரு” என்றார். அதை மொழிபெயர்த்தபோது பேராசிரியர் கைதட்டினார். பிறகு அரங்கமே கைதட்டியது. கறிபாப் ஆறிப்போனதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? அந்த மனிதர் ஓய்வுபெறும் வரை பொறியியலாளர்களுக்குப் பத்தடி தள்ளி நின்று வேலை செய்தவர். அவர் கண்ணால் பார்த்த ஒன்றுக்குக் காரணம் சொல்ல, அத்தனை காலமும் யாரும் வரவில்லை. அவருக்கும் நமக்கும் நடுவே நின்றது அறிவுக் குறைவு அல்ல. அவர் மொழியில் பேச ஆள் இல்லாமல் போனதுதான். ஏட்டுச் சுரைக்காய் நம் பக்கம் இருந்தது, கறி அவர் பக்கம் இருந்தது.

தேனி மாவட்டத்துக்கு ஜனவரியில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. அணை 1895-இல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அது எந்தப் பொறியியல் சங்கமும் ஏற்பாடு செய்த விழா அல்ல. அணைத் தண்ணீரில் நெல் விளைவித்தவன் எடுக்கும் விழா. நினைவு நிகழ்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். நாம் பொறியியலாளர்களாகக் கூடி, பொறியியலாளருக்கு மாலை போட்டு, பொறியியலாளர்களிடமே பேசிவிட்டுக் கலைகிறோம். வந்தவர்களில் சிலர் சி.பி.டி. எனும் தொடர் தொழில் பயிற்சி மணிக்கணக்குக்காகவே வருகிறார்கள். வரட்டும், அது தொழில் விதி, தப்பில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

இரண்டாவது செய்தி. நம் சொற்பொழிவுத் தலைப்புகளைப் பாருங்கள். பெரும்பாலும் சாதனை. உயரமான கோபுரம், நீளமான பாலம், ஆழமான சுரங்கம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் விபத்தையும் நினைவுகூர வேண்டும். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. இந்த மண்டபத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. தீவில் சீனர்களின் விழா. பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் தாங்க முடியாத கூட்டம், தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,634 பேர் காயமுற்றார்கள். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 11-இல் கோலாலம்பூருக்கு அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் போனார்கள். ஒரு தளத்துக்கு எத்தனை பேரின் பாரம் என்று கணக்குப் போடுவது நம் வேலை. அதன் மேல் ஏறி நிற்பவர்கள் பொதுமக்கள். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்புத் தெரிந்தால், தடுப்புச் சுவரின் வடிகால் துளையிலிருந்து தண்ணீர் வருவது திடீரென்று நின்றுபோனால், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவர்களுக்குச் சொல்லாத சொற்பொழிவு, மறுபடியும் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய்தான்.

இப்போது என் கோரிக்கை. தலைவர் அவர்களே, செயலவையினரே, நான் இதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இன்று மாண்புமிகு ஐயாவின் முன்னிலையில் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு தமிழில் நடக்க வேண்டும். ஹோட்டலில் வேண்டாம். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடக்க வேண்டும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இந்த நாட்டில் தமிழ்க் கல்வி தொடங்கியதே இந்தத் தீவில்தான், 1816-இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் வைத்த தமிழ் வகுப்பில். இந்த நாட்டின் தண்டவாளத்திலும் சாலையிலும் துறைமுகத்திலும் நம் முன்னோர்களின் வியர்வை கலந்திருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் உட்கார்ந்து அறிவியல் படிக்கிறார்கள். ஒரு பொறியியலாளரை நேரில் பார்த்த பிள்ளைகள் அந்த வகுப்பில் எத்தனை பேர்?

தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்துப் பொறியியலாளர் ஆனவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா டான் ஸ்ரீ, இரண்டு வரிசை நிறைய இருக்கிறார்கள். இவர்கள் போதும். செலவும் பெரிதாக வராது. ஒரு வாளி நிறையக் குழைத்த களிமண், ஒரு பி.வி.சி. குழாய். காலையில் ஒரு பிள்ளை அந்தக் குழாயைக் கையால் அழுத்தி உள்ளே இறக்கட்டும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு இன்னொரு பிள்ளை அதைப் பிடுங்கிப் பார்க்கட்டும். பெரியவர் கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளையே கேட்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரையும் அழைப்போம். பைலிங் வேலை பார்த்த, கிரேன் ஓட்டிய, ஃபெரியில் வேலை செய்த தாத்தாக்களை முதல் வரிசையில் உட்கார வைப்போம். பொன்னாடை அவர்களுக்குப் போர்த்துவோம். சி.பி.டி. மணி கிடைக்குமா என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். விண்ணப்பிப்போம் தம்பி. கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

நாள்கூட யோசித்துவிட்டேன். ஜூலை 31. இடம் பட்டர்வொர்த் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. முதல் தலைப்பு: ஒரு தளம் எத்தனை பேரைத் தாங்கும்? இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களில் ஒருவர் மண்டபம் தருகிறேன் என்று சற்று முன் காதில் சொன்னார். அவர் பெயரை இப்போது சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் செயலவையிடம் சொல்கிறேன்.

மூன்றாவது செய்தி, நிதியும் இளைஞர் பிரிவும். நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். செயலாளரின் ஆண்டறிக்கையில் விவரம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொற்பொழிவுக்கான தீர்மானம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும். அதை முன்மொழியும் தாள் வாசலுக்குப் பக்கத்து மேசையில், செயலாளரின் மகளிடம் இருக்கிறது. உறுப்பினர்கள் பெயரும் உறுப்பினர் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேச முன்வருபவர்கள் தலைப்பையும் எழுதிக் கொடுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், வாய்ப்பளித்த டத்தோ அவர்களுக்கும் நன்றி, வணக்கம்.