தாழ்ப்பாளுக்கு அப்பால்: அமானுஷ்யச் சிறுகதையும் அச்சமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமானுஷ்யச் சிறுகதை நம்மை எவ்வாறு அச்சுறுத்துகிறது என்பதை, பல கதைகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஒரே கதையைக் கூர்ந்து பார்த்து விளக்க விரும்புகிறேன். ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' அந்தக் கதை. ஜேக்கப்ஸ் தம் காலத்தில் பெயர் பெற்றது நகைச்சுவையால்தான் என்பது வியப்புக்குரியதன்று. எதை எந்த நொடிவரை மறைத்துவைப்பது என்ற கணக்கு, சிரிக்க வைப்பவருக்கும் நடுங்க வைப்பவருக்கும் பொதுவானது.

மழை பெய்யும் இரவில் தந்தையும் மகன் ஹெர்பர்ட்டும் சதுரங்கம் ஆட, தாய் பின்னல் வேலையில் இருக்கும் ஒரு சாதாரண வீடு. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ராணுவ நண்பர், மூவருக்குத் தலா மூன்று வரம் தரக்கூடிய ஒரு குரங்குப் பாதத்தைக் காட்டுகிறார். அதை முதலில் வைத்திருந்தவர் கேட்ட முதல் இரண்டு வரங்கள் எவை என்று தமக்குத் தெரியாது என்றும், மூன்றாவதாக அவர் சாவைக் கேட்டார் என்றும் சொல்கிறார். ஒருவனைச் சாவை வேண்டவைத்த அந்த இரண்டு வரங்களைக் கதை நம்மிடமே விட்டுவிடுகிறது. கதையின் முதல் அச்சம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் கருத்து.

பிறகு தந்தை 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். நிறுவனம் தரும் தொகை அதே 200 பவுண்டு. தற்செயல் என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்ல இடம் இருப்பதாலேயே நாம் கதையை நம்பத் தொடங்குகிறோம்.

துயரம் தாளாத தாய், மகனை உயிருடன் கேட்கும்படி கணவரை வற்புறுத்துகிறாள். மகனின் உடலைத் தாம் உடையைக் கொண்டே அடையாளம் கண்டதாகத் தந்தை தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அந்த உடல் எப்படி இருந்தது என்ற வருணனை ஒரு வரிகூட இல்லை. வரம் கேட்ட பின்பும் எதுவும் நடப்பதில்லை. மெழுகுவர்த்தி அணைகிறது, படி கிறீச்சிடுகிறது. அதன் பிறகே கதவு தட்டப்படுகிறது. கல்லறை இரண்டு மைல் தொலைவில் இருப்பதை மறந்துவிட்டேனே என்று தாய் அலறும்போது, அந்தத் தாமதம் முழுவதும் எதுவோ நடந்து வந்துகொண்டிருந்தது என்று நமக்கு உறைக்கிறது. ஒரு தூரத்தைச் சொல்லியே இவ்வளவு நடுக்கத்தை உண்டாக்கிய இடம் வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

பேய்க் கதைக்குச் சூழலும் படிப்படியான ஏற்றமும் வேண்டும் என்று ஆங்கிலப் பேய்க் கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் 1924இல் எழுதினார். ஜேக்கப்ஸ் அந்த ஏற்றத்தைத் தாழ்ப்பாளிலேயே அமைத்துவிட்டார்: சங்கிலி கழல்கிறது, கீழ்த் தாழ்ப்பாள் நகர்கிறது, மேல் தாழ்ப்பாள் மட்டும் தாய்க்கு எட்டவில்லை, அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். தந்தையோ இருட்டில் தரையைத் தடவி அந்தப் பாதத்தைத் தேடுகிறார்.

கதவுக்கு வெளியே நிற்பது அந்நியப் பேயாக இருந்தால் இது வெறும் ஓட்டப் பந்தயமாகியிருக்கும். நிற்பது அவர்கள் பெற்ற பிள்ளை. ஒருவரின் பாசம் திறக்கத் துடிக்க, மற்றவரின் அச்சம் தடுக்கத் துடிக்கிறது. தந்தை கேட்ட மூன்றாவது வரம் என்னவென்றும் ஜேக்கப்ஸ் எழுதவில்லை. எழுதாமலே நமக்குப் புரிகிறது; புரிந்த கணத்தில், மகனை மீண்டும் கல்லறைக்கு அனுப்பிய அந்த வேண்டுதலில் நாமும் பங்காளிகளாகிவிடுகிறோம், ஏனெனில் கதவு திறக்கக் கூடாது என்று அவரோடு சேர்ந்து நாமும் விரும்பியிருந்தோம்.