ஒரு குழந்தை சாட்சி சொல்லும்போது

(திரையில்: ஆளில்லாத நீதிமன்ற அறை. நாற்காலியில் ஒரு சிறுமி. கால்கள் தரையைத் தொடவில்லை. முகம் காட்டப்படாது.)

"உன் பெயர் என்ன? எந்த வகுப்பில் படிக்கிறாய்? பொய் சொல்வது நல்லதா, கெட்டதா?"

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவின் கீழ் நடக்கும் வழக்கில் சிறு குழந்தை சாட்சி சொல்ல வந்தால், நீதிபதி முதலில் கேட்பது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். கேள்வி புரிகிறதா, விளங்கும்படி பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறார். இத்தனை வயது நிரம்பினால்தான் சாட்சி சொல்லலாம் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை.

அப்படியானால், குழந்தையின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா? நம்பத்தகுந்ததாக இருந்தால், தண்டிக்கலாம். 1951ஆம் ஆண்டிலேயே, ராஜஸ்தானைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கில், வேறு ஆதாரம் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தேவையா இல்லையா என்பதை நீதிபதி மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுமி சில மணி நேரத்துக்குள் தன் தாயிடம் சொன்னதையும் ஆதரவான சான்றாக நீதிமன்றம் ஏற்றது.

(திரையில்: இரண்டு தாள்கள் அருகருகே.)

நம்பகத்தன்மையை எப்படிப் பார்க்கிறார்கள்? மாஜிஸ்திரேட்டிடம் குழந்தை கொடுத்த வாக்குமூலத்தையும் விசாரணையில் சொன்னதையும் ஒப்பிடுவார்கள். கிழமை மாறலாம், சட்டையின் நிறம் மாறலாம். நடந்ததன் மையம் மாறாமல் நிற்கிறதா என்பதே முக்கியம். தன் வயதுக்குரிய சொற்களில் பேசுகிறதா, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறதா என்பதையும் கவனிப்பார்கள்.

கேட்கும் முறைக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. போக்சோ சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி, குறுக்கு விசாரணைக் கேள்விகளையும் வழக்கறிஞர் நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும். நீதிபதி குழந்தையிடம் கேட்பார். நடுநடுவே இடைவேளை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. இதைச் சலுகை என்று நினைப்பது பெரிய தவறு. மிரண்டுபோன குழந்தையிடமிருந்து வரவழைத்த முரண்பாடு எதையும் நிரூபிக்காது.

உடலில் காயம் இல்லையே என்பார்கள். பல குற்றங்கள் தடயம் விடுவதில்லை; வெளியே சொல்வதற்குள் பல காயங்கள் ஆறியும் போகின்றன. எனவே மருத்துவ அறிக்கையில் ஒன்றும் இல்லை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது.

29ஆவது பிரிவைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சில கடுமையான குற்றங்களில், மாறாக நிரூபிக்கப்படும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது அது. அதற்காக அரசுத் தரப்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அடிப்படை உண்மைகளை முதலில் அதுதான் நிறுவ வேண்டும் என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. வயதும் அதில் ஒன்று. 2023இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், வயதை நிரூபிக்கப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போதாது என்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. பிறப்புச் சான்றிதழை நேரத்தோடு சேர்க்காத விசாரணை அதிகாரி ஒரு வழக்கையே இழக்கக்கூடும்.

(திரையில்: வெற்றுத் தாள். பேனா அசையவில்லை.)

குழந்தை பேசவே இல்லை என்றால்?

1986இல் ராஜஸ்தானில் நடந்த ஒரு கொடுமை. சாட்சி சொல்ல வந்த சிறுமியிடம் நீதிபதி கேட்கக் கேட்க, அவள் வாய் திறக்கவில்லை. சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் விட்டாள். அதையே நீதிபதி குறித்துவைத்தார். மற்ற சாட்சியங்களை வைத்து விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2013இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சிறுமி எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு பெரிய காரணம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஒரு குழந்தையின் மௌனத்தைப் பெரியவரின் மௌனத்தோடு சமமாக வைக்க முடியாது, அது குற்றவாளிக்குச் சாதகமாகப் போகக் கூடாது என்றது. மயங்கிக் கிடந்த சிறுமியைக் கண்டவரின் சாட்சியமும் மருத்துவச் சான்றும் போதுமானவையாக இருந்தன.

இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது போக்சோ. 2012இல் வந்த அந்தச் சட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் காத்திருந்தது 39 ஆண்டுகள்.