கவுன்டருக்கு உள்ளே இருந்து பார்த்தது

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சினிமாவைப் பற்றிப் பேச வரவேண்டும் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, "நான் நடிகனும் இல்லை, டைரக்டரும் இல்லை, டிக்கெட் கிழித்தவனுங்க" என்றேன். "அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும், வாங்க" என்றார்கள். கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஊர், அந்த ஊரில் ஒரு தியேட்டர். 1974இல், 16 வயதில், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடச் சேர்ந்தேன். அப்புறம் கவுன்டர். அப்புறம் மேனேஜர் என்ற பெயரில் எல்லா வேலையும். 2009இல் தியேட்டரை மூடிக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்தால், இது பெஞ்சு டிக்கெட் இருந்த இடமல்லவா என்று மனதில் ஓடும். சாம்பார் ருசிக்காது.

எனக்குக் கொடுத்த கேள்வி இது. படம் என்றால் வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம், இப்போது சினிமாக்காரர்கள் எதைச் சொன்னாலும் "அட போங்க" என்கிறதே, ஏன்? ஓடிடி வந்துவிட்டது என்பார்கள், டிக்கெட் விலை என்பார்கள், கைபேசி என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டிலேயே படம் பார்க்க முடிகிறது என்பதற்காக ஒருவர்மேல் நம்பிக்கை போய்விடாதே. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை ஏலம் பார்த்திருப்பீர்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்து சர்க்கரை போகிறது. வாங்க வருகிறவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார், நிறம் பார்ப்பார், ஒரு சிட்டிகை வாயில் போடுவார். அதற்குப் பிறகுதான் விலை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். திருப்பூரில் சாம்பிள் ஒரு மாதிரி, பெட்டியில் போன சரக்கு வேறு மாதிரி என்றால் வாங்குகிற கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். சினிமாவில் மட்டும்தான் காசை முதலில் வாங்கிக்கொண்டு சரக்கை அப்புறம் காட்டுகிறோம். பிடிக்கவில்லை என்று எழுந்து வந்தால் பைசா திரும்பாது. ஆகவே, நாங்கள் விற்றதே நம்பிக்கையைத்தான். அந்த நாளில் இது எனக்குப் புரியவில்லை.

கவுன்டருக்குள் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு காட்சிக்கும் டி.சி.ஆர். எழுத வேண்டும். அன்றைய வசூல் கணக்கு. எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், ஆரம்ப நம்பர் என்ன, முடிவு நம்பர் என்ன, கேளிக்கை வரி எவ்வளவு, கம்பெனி ஷேர் எவ்வளவு. மூன்று காப்பி, நடுவில் கார்பன். கம்பெனி என்றால் விநியோகஸ்தர். அவருடைய ஆளை ரெப்பு என்போம். படப்பெட்டியோடு வந்து, தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கும்வரை என் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார். விநியோகஸ்தருக்குத் தியேட்டர்காரர்மேல் நம்பிக்கை கிடையாது. தயாரிப்பாளருக்கு விநியோகஸ்தர்மேல் கிடையாது. ஃபைனான்சியருக்கு யார்மேலும் கிடையாது. பாக்கி தீராமல் பிரிண்ட் போடுகிற லேப்பிலிருந்து பெட்டியையே வெளியே விடமாட்டார். ஒருவருக்கு ஒருவர் காவல். இத்தனை பேரில், காசை முதலில் நீட்டிவிட்டு, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருட்டில் போய் உட்கார்ந்த ஒரே ஆள், கவுன்டர் ஓட்டைக்கு வெளியே நின்றவர்.

அந்தக் காலத்தில் பொய் இல்லையா? தாராளமாக இருந்தது. 'வெற்றிகரமான 25ஆவது நாள்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிய படத்துக்கு, மேட்னிக்கு 23 பேர் என்று என் கையாலேயே கணக்கு எழுதியிருக்கிறேன். நூறு நாள் காட்டியே தீரவேண்டும் என்று ரசிகர் மன்றத்துக்காரர்கள் மொத்தமாக டிக்கெட் எடுத்து ஓட்டியதும் உண்டு. ஆனால் அந்தப் பொய்யால் பெரிதாகக் காசு பண்ண முடியாது. கோவை ஏரியா முழுவதுக்கும் எட்டோ பத்தோ பெட்டிதான் வரும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று பெரிய ஊர்களில் ஓடி முடித்து, பி சென்டர் என்கிற நடுத்தர ஊர்களுக்குப் போய், கோடு கோடாக மழை பெய்கிற பிரிண்ட்தான் மாதக் கணக்கு கழித்து எங்களுக்கு வரும். அதற்குள் மஞ்சள் விற்க ஈரோடு போனவர், பஸ் கண்டக்டர், கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த பெண் எல்லோரும் படத்தைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பார்கள். பெட்டி வருவதற்கு முன்னால் ரிசல்ட் பஸ்ஸில் வந்துவிடும்.

எங்கள் தியேட்டருக்குப் பின்னால் இட்டேரி என்கிற வேலியோரத் தடம் வழியாக நடந்து வருகிற ஓர் ஆத்தா உண்டு. முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக் கவுன்டர் ஓட்டைக்குள் வைப்பார். வைத்த விரலை எடுக்கமாட்டார். "ஏனுங் தம்பி, படம் எப்படிங்? மருமகளையும் புள்ளைகளையும் கூட்டியாந்திருக்கறேன்" என்பார். பதில் சொன்ன பிறகுதான் விரல் நகரும்.

ஒரு தடவை முதலாளி ஒரு படத்தை எம்.ஜி., அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத முன்பணம், அதிகமாகக் கொடுத்து வாங்கிப் போட்டுவிட்டார். "யார் கேட்டாலும் குடும்பப் படம்னு சொல்லு" என்றார். சொன்னேன். மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை அது. இடைவேளையில் ஆத்தா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கவுன்டர் வழியாகத்தான் போனார், என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வாரம் சந்தையில், வெங்காயக் கடை முன்னால், நாலு பேர் நிற்கும்போது, "உன்ற பேச்சை நம்பி என்ற மருமக முன்னால தலை குனிஞ்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எட்டு மாதம் தியேட்டர் பக்கம் வரவில்லை. அவரோடு சேர்ந்து வருகிற அந்த வீதிப் பெண்களும் வரவில்லை. வாராவாரம் சந்தையில் மட்டும் நான் அவரைப் பார்த்தாக வேண்டும்.

ஒன்பதாவது மாதம் வந்தார். விரல் காசின் மேல். "படம் சுமார்தானுங் ஆத்தா. பாட்டு ரெண்டு நல்லாருக்கும், கடைசியில அழுவாச்சி" என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சுமாருன்னா சரி. நாலு குடு சாமி" என்றார்.

இப்போது டிக்கெட் கைபேசியில் வருகிறது. விரல் இருக்கிறது, கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

இந்தத் தொழில் நமக்கு எங்கிருந்தோ வந்தது என்று நினைக்க வேண்டாம். கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையில் இருந்தபோது 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் நிற்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. படம் எடுக்கிறவரும் பார்க்கிறவரும் ஒரே ஊரில் காய்கறி வாங்கிய காலம் அது. பிறகு எல்லாம் சென்னைக்குப் போயிற்று. ஷூட்டிங்குக்குக் கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் வந்தார்கள், வாய்க்காலையும் தென்னந்தோப்பையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றபடி அவர்கள் கணக்கில் நாம் 'கோவை ஏரியா'.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்குமேல் திரைகள் இருக்கின்றன. பெரிய நடிகர் படம் என்றால் முக்கால்வாசித் திரைகளில் ஒரே காலையில் இறங்குகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஊருக்கே தெரிந்துவிடும். நாலு வாரத்தில் பெரும்பாலும் ஓடிடியில் வந்துவிடும். அப்படியானால் போட்ட காசை எப்போது எடுக்க வேண்டும்? ஊருக்குத் தெரிவதற்குள். டீசர், டிரெய்லர், பாட்டு வெளியீட்டு விழா, "இந்த மாதிரிப் படம் வந்ததே இல்லை" என்று இருபது பேட்டி, எல்லாம் அந்த மூன்று நாளுக்காக. இன்றைய சினிமாக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரமே அப்படி அமைந்துவிட்டது. நூறு நாள் ஓடினால்தான் காசு என்ற நாளில், முதல் நாள் வந்தவரை ஏமாற்றினால் நமக்குத்தான் நஷ்டம். மூன்று நாளில் காசு என்றால் அந்தப் பயம் வேண்டியதில்லை.

போன வருஷம் பேரன் பேத்தியோடு கோயமுத்தூர் மாலில் ஒரு படம். ஐந்து பேர். டிக்கெட் 190, அதற்குமேல் புக்கிங் சார்ஜ், பார்க்கிங், அப்புறம் ஒரு வாளி பாப்கார்ன். அந்த வாளி விலைக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு வருஷம் படம் பார்த்திருக்கும். அது கிழவன் புலம்பல், விடுங்கள். இடைவேளையில் பேரன் கைபேசியை நீட்டினான். படக்குழு கேக் வெட்டுகிறது. 'மாபெரும் வெற்றி, ரசிகர்களுக்கு நன்றி' என்று பின்னால் பேனர். "தாத்தா, நாம இன்னும் பாதிதான பார்த்திருக்கறோம்?" என்றான். அவன் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டான்.

படம் போகவில்லை என்றால் யார்மேல் பழி? நம்மேல்தான். "ரசிகர்களுக்குப் புரியவில்லை" என்பது ஒன்று. "விமர்சனம் செய்கிறவர்கள் கொன்றுவிட்டார்கள்" என்பது இன்னொன்று. 2024 டிசம்பரில், படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிப் பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேண்டுமென்றே அவதூறு பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது எத்தனை நாள் என்று பாருங்கள். மூன்று நாள்! டி.சி.ஆர். எழுதிய எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விலை விஷயத்தில் என் கையும் சுத்தம் இல்லை. தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் அரசு அறிவித்தது. நாங்கள் டிக்கெட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மிச்சம் யாருக்குப் போயிற்று என்று யாரும் கேட்கவும் இல்லை. பண்டிகைப் படத்துக்கு முதல் நாள், அரசு வைத்த விலை டிக்கெட்டில் அச்சாகியிருக்கும், என் வாயில் வேறு விலை வரும். மன்றத்துப் பையன்கள் சட்டைப்பையைத் துழாவிக் கொடுப்பார்கள். அவர்கள்தான் இன்றைக்கும் டீக்கடையில், எங்க ஆளு படம் இத்தனை கோடி, உங்க ஆளு படம் இத்தனை கோடி என்று மல்லுக்கட்டுகிறார்கள். "யார் எண்ணினது, கண்ணு?" என்று கேட்டால் முறைக்கிறார்கள். அந்தக் கோடியை வெளியில் இருந்து ஒருவர் சரிபார்த்துச் சொல்கிற ஏற்பாடு எதுவும் நம் ஊரில் கிடையாது. பக்கத்து ஸ்டூலில் ரெப்பு இருந்தபோதே இரண்டு டி.சி.ஆர். எழுதின தொழில் இது.

இதில் அடி வாங்குவது யார் என்று பார்த்தால், பெரிய நடிகர்கள் இல்லை. அவர்களுக்கு முதல் மூன்று நாள் கூட்டம் எப்படியும் வரும். மூன்று மாதம் முன்பு, பெயர் தெரியாத பையன்கள் சேர்ந்து எடுத்த ஒரு சின்னப் படத்துக்குப் போனேன். ஈரோட்டில், காலை 11 மணிக் காட்சி. போஸ்டரில் யாரும் கத்தியைத் தூக்கிப் பிடிக்கவில்லை, அதனாலேயே போனேன். நான், ஒரு கல்லூரி ஜோடி, தறி ஓட்டுகிற ஒருவர், ஆக நாலு பேர். பதினைந்து நிமிஷம் வெளியில் நிற்க வைத்தார்கள். பத்துப் பேராவது இல்லாமல் ஏசி போட்டுக் காட்சி ஓட்டக் கட்டுப்படியாகாது என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். "படம் எப்படி தம்பி?" என்று கேட்டேன், பழைய பழக்கம். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நல்லாருக்குதுங். நேத்து ஆறு பேருக்கு ஓட்டினாங்க, நானும் உள்ள போய் நின்னு பார்த்தேன்."

"அப்ப நாளைக்கு வர்றேன்" என்றேன்.

"நாளைக்கு எடுத்துருவாங்க" என்றான்.