நேரில் போய் வாங்கும் பார்சல்

வணக்கம். என்னைப் பேச அழைத்தபோது, "கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளில் சாப்பாடு வாங்குவதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமாக. ஆனால் பத்து நிமிடம்தான்" என்றார்கள். பத்து நிமிடத்தில் நான் ஒரு கூட்டுக்குக் காய் நறுக்கி முடித்ததில்லை. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

நம்மில் பலர் வாஷிங்டனைச் சுற்றி, மேரிலாந்திலோ வர்ஜீனியாவிலோ இருக்கிறோம். ஊரில் பார்சல் என்று சொல்லுவோம். இந்த நகரத்தில் அதற்கு கேரி அவுட் என்று பெயர். சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர், கடைக்கும் அதுதான் பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள்: சின்ன முகப்பு, உள்ளே நுழைந்தால் நாலு பேர் நிற்க இடம், எதிரே கெட்டியான கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு சுழலும் பெட்டி. காசை வைத்துத் திருப்பினால் சாப்பாடு வரும். கோழி இறக்கை, அதன் மேல் மம்போ சாஸ். சிவப்பாக, இனிப்பும் புளிப்புமாக, கையை நக்க வைக்கிற சாஸ். இந்த நகரத்துக்காரர்கள் அதற்காகச் சண்டையே போடுவார்கள்.

நான் வாடிக்கையாகப் போகும் கடை நகரின் வடகிழக்கில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், இருவரும் கறுப்பினத்தவர். சோளமாவில் புரட்டிப் பொரித்த வைட்டிங் மீன், இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, பக்கத்தில் காலர்ட் கீரை. அந்தக் கீரையை மணிக்கணக்கில் வேக விடுவார்கள். அடியில் தேங்கும் சாறு இருக்கிறதே, அதை நம் வீட்டு ரசம் மாதிரி குடிக்கலாம். 2020 மார்ச்சில், கொரோனா பரவியதால் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நகரம் உத்தரவு போட்டபோது, இந்தக் கடைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். முதலிலிருந்தே நாற்காலி இல்லாத கடைதானே? தப்புக் கணக்கு. மதியம் வருகிறவர்கள் எல்லாம் அலுவலகத்துக்காரர்கள். அலுவலகமே காலி.

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது எனக்குப் பிடித்த கதை, யார் அகப்பட்டாலும் சொல்லிவிடுவேன்.

இந்த நாட்டில் பார்சல் என்பது எல்லாருக்கும் ஒரே பொருளில் இருந்ததில்லை. ஒரு காலத்தில் தெற்கு மாநிலங்களில் பல கடைகளில் கறுப்பினத்தவர் காசு கொடுக்கலாம், சாப்பாடு வாங்கலாம், ஆனால் உட்கார முடியாது. பின்பக்கக் கதவுக்குப் போய் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். ரயிலில் போகிறவர்கள் செருப்புப் பெட்டியில் பொரித்த கோழியைக் கட்டி எடுத்துப் போனார்கள், வழியில் எவன் சோறு போடுவான் என்று தெரியாததால். இந்தத் தலைநகரத்திலும் இதே கதைதான். மேரி சர்ச் டெரெல் என்ற கறுப்பின அம்மையார் 86 வயதில், 1950-இல், ஓர் உணவகத்துக்குள் போய் சாப்பாடு கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்காடி, 1953-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். உணவகங்கள் இனம் பார்த்து யாரையும் மறுக்கக் கூடாது என்று 1870-களில் போட்டு எல்லாரும் மறந்துபோன சட்டம் ஒன்று இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்பு. அவரைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஜார்ஜியா கில்மோர் என்பவரைப் பற்றி. அலபாமா மாநிலம், மாண்ட்கமரி. 1955 டிசம்பர். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும், ஊரின் கறுப்பினத்தவர் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாள். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாலே நமக்கு எப்படி இருக்கும்? இது ஒரு வருஷத்துக்கும் மேல். ஒருவரையொருவர் வேலைக்குக் கொண்டுபோய் விட கார்கள் ஓட்டினார்கள். காருக்கு பெட்ரோல் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கில்மோர் ஒரு சமையல்காரர். தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச், கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்று செய்து, முடி திருத்தும் கடை, சலவைக்கடை, டாக்ஸி நிற்கும் இடம் என்று கொண்டுபோய் விற்றார். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர்தான் அழகு. 'எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம்' என்று சொல்லலாம். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை! யார் சமைத்தார், யார் வாங்கினார் என்று வெளியே தெரிந்தால் அவரவர் வேலை போய்விடும். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வேலை போனது கில்மோருக்குத்தான். அந்த பஸ் புறக்கணிப்பை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் அவர் சாட்சி சொன்னார், வேலை செய்த கடையில் நிறுத்திவிட்டார்கள். கிங் என்ன செய்தார்? "இனி உங்களுக்காகவே சமையுங்கள்" என்கிற மாதிரி ஊக்கம் கொடுத்து, பாத்திரம் பண்டம் வாங்கப் பணமும் கொடுத்தார். வீட்டிலேயே கடை. சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் தட்டோடு எங்காவது நின்று சாப்பிட வேண்டியதுதான். 1990 மார்ச்சில், வாக்குரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தவர், அந்த நாளிலேயே இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர் செய்து வைத்திருந்த கோழியையும் மக்ரோனியையும்தான் பரிமாறினார்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்றைக்கும் அடைக்கிறது. சரி.

கில்மோரின் சாப்பாட்டை வாங்கியவர்கள் யாரும் தர்மம் செய்யவில்லை. பசித்தது, நல்ல சாப்பாடு, வாங்கினார்கள். நம் ஊரில் வாடிக்கை என்கிறோமே, அதுதான். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020 ஜூன் மாதம் நடந்தது நினைவிருக்கும். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு, கறுப்பினத்தவர் நடத்தும் உணவகங்களின் பட்டியல்கள் எல்லார் போனிலும் சுற்றின. என் வடகிழக்குக் கடையில் கீழே ஆறடிக்கு ஒரு டேப் ஒட்டியிருந்தார்கள். வரிசை டேப்பெல்லாம் தாண்டித் தெருமுனை வரை போனது. அந்த அம்மா கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்து வழிய நின்று, "ஹனி, எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது" என்று கத்திக்கொண்டிருந்தார். செப்டம்பரில் போனால் நானும் இன்னொருவரும்தான். "ஜூனில் வந்தவர்கள் எங்கே?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "ஜூனில் மீன் வாங்கினார்கள். எனக்கு வாடகை மாதாமாதம்."

அவ்வளவுதான் விஷயம். மாதாமாதம்.

கடைகள் ஏன் இப்படித் தத்தளித்தன? ராபர்ட் ஃபேர்லி என்ற பொருளியல் அறிஞர் கணக்கெடுத்திருக்கிறார். 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில், தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கை 41 சதவீதம் விழுந்தது. வெள்ளையரில் 17. சிறு தொழில்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வங்கிகள் வழியாக அரசு ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது, ஏப்ரல் 3-ஆம் தேதி திறந்தார்கள், கிட்டத்தட்ட 35,000 கோடி டாலர் 16-ஆம் தேதிக்குள் தீர்ந்துவிட்டது. வங்கி மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். கல்லாப்பெட்டியும் நோட்டுப்புத்தகமுமாக நடத்துகிறவர் கடைசியில் நின்றார். என் கடைக்கார அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் கிடைத்தபோது முதல் சுற்று முடிந்திருந்தது.

அப்புறம் இந்த சாப்பாடு டெலிவரி ஆப். நானும் குற்றவாளிதான், ஏப்ரல் முழுக்க பயத்தில் ஆப்பில்தான் வாங்கினேன். நான் உதவி செய்வதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! ஒருநாள் அந்த அம்மா போனில் சொன்ன கணக்கைக் கேளுங்கள். 20 டாலர் சாப்பாடு. ஆப்காரர் 30 சதவீதம் எடுத்தால் 6 டாலர் போச்சு. மீன், எண்ணெய், டப்பா, வாடகை, உதவிக்கு நிற்கும் பையன் சம்பளம் எல்லாம் மிச்சம் 14-இல். நான் கொடுக்கும் டெலிவரி கட்டணமும் அவருக்கு வருவதில்லை. 2020 மே மாதம் வாஷிங்டன் நகரசபை 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது, நல்லது. அப்போதும் 3 டாலர் போனது. நேரே கடைக்குப் போன் செய்து, போய் வாங்கினால் 20-உம் கல்லாவில் விழும். நோயாளிகள், வெளியே போகவே முடியாத பெரியவர்கள், அவர்களுக்கு ஆப் வேண்டும்தான், மறுக்கவில்லை. கார் வாசலில் நிற்கிற நமக்கு என்ன?

அடடா, ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். யு தெருவில் இருக்கும் 'பென்ஸ் சில்லி பௌல்' என்ற சாப்பாட்டுக்கடை பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பே எழுதி வந்தேன். சுருக்கமாக: 1958-இல் தொடங்கியது. தொடங்கிய பென் அலி, டிரினிடாடிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக்காரர். மனைவி வர்ஜீனியா அலி, இன்றும் அந்தக் கடையின் முகம். 1968-இல் கிங் கொல்லப்பட்டு, தெரு பற்றி எரிந்து, ஊரடங்கு போட்டபோதும் திறந்திருந்தது. பின்னால் மெட்ரோ ரயிலுக்குத் தெருவையே தோண்டிப்போட்டபோதும் மூடவில்லை. 2009-இல் ஒபாமா வந்தார், அது எல்லாருக்கும் தெரியும். சில்லி என்பது காரமான இறைச்சிக் குழம்பு மாதிரி. சைவர்களே, அங்கே காய்கறி சில்லியும் உண்டு.

ஒரு விரல் காட்டுகிறார்கள். வேகமாக. சனிக்கிழமை எல்லாரும் வருவார்கள், நீங்கள் செவ்வாய், புதன் போங்கள். டிப்ஸைக் குறைக்காதீர்கள். இருபது நிமிடம் தாமதமானால் ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள், உள்ளே இரண்டு கைதான் இருக்கிறது. பரிசு அட்டை பற்றியும் சொல்ல வேண்டும், நேரமில்லை. காலர்ட் கீரையைப் பன்றி இறைச்சி போட்டும் வேகவைப்பார்கள், வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காராமணி இருக்கும். ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும், காலையிலேயே போன் செய்யுங்கள். வணக்கம்.