தோல்விதான் ஸ்லிம்மை உருவாக்கியது

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

“ஒரு தளபதியை உயர்த்துவது வெற்றியா, தோல்வியா?” என்பது இன்றைய தலைப்பு. தோல்வியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மாண்ட்கோமரியைச் சொன்னார். 1942-இல் எகிப்தின் எல் அலமேனில் ஜெயித்த பிறகுதானே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது என்று கேட்டார். சரி, உலகம் திரும்பிப் பார்ப்பது வேறு, ஒருவர் தளபதியாக விளைவது வேறு. அதே பிரிட்டிஷ் ராணுவத்தில் மிக உயர்ந்த பதவியான ஃபீல்டு மார்ஷல் ஆன இன்னொருவரை நான் முன்வைக்கிறேன். அவர் பெயர் வில்லியம் ஸ்லிம்.

1891-இல் பிரிஸ்டலில் பிறந்தவர். அப்பா இரும்புச் சாமான் வியாபாரி. மகன் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தினார், பிறகு குமாஸ்தா வேலை பார்த்தார். 1914-இல் முதல் உலகப் போர் வந்ததால் அதிகாரியானார். துருக்கியின் கலிப்பொலியில் குண்டடி, மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மறுபடியும் குண்டடி. அப்புறம் இந்திய ராணுவம், கூர்க்கா படை. சம்பளம் பற்றாமல் புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிய அதிகாரி இவர்.

1940 நவம்பரில் சூடான் எல்லையில் கலாபத் கோட்டையைப் பிடிக்கிறார். இத்தாலிய விமானங்கள் குண்டு போட, பின்வாங்க வேண்டியதாகிறது. அந்தத் தோல்விக்கு யார் காரணம்? “நான்தான். துணிச்சலான வழி இருந்தும் அதை எடுக்கவில்லை” என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதிவைத்தார். நடுவர் அவர்களே, பழியைக் கீழே இருப்பவன் தலையில் கட்டாத இந்தக் குணத்தை எந்த வெற்றியும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

பெரிய அடி பர்மாவில் விழுந்தது. 1942 மார்ச்சில் அவர் அங்கே பொறுப்பேற்றபோது ரங்கூன் ஏற்கெனவே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. யெனான்யவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தங்கள் கையாலேயே கொளுத்திவிட்டு, சுமார் 900 மைல் பின்வாங்கி, மழைக்காலம் தொடங்கும்போது அவருடைய படை இம்பால் வந்து சேர்ந்தது. நம் வீடுகளில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதையைக் கேட்டிருப்போமே, அதே ஆண்டு, அதே காடு, அதே காலரா.

அந்த நடையில் ஸ்லிம் ஒன்றைக் கவனித்தார். ஜப்பானியர் காட்டு வழியாகச் சுற்றி வந்து பின்னால் சாலையை அடைத்தால், நம் படை பதறிப் பின்வாங்குகிறது. ஏன் பதற வேண்டும்? அடைத்தவனும் நமக்கு நடுவில்தானே மாட்டியிருக்கிறான்? அப்படியே நின்று சண்டை போடுவோம், சோறும் தோட்டாவும் வானத்திலிருந்து வரட்டும் என்று முடிவெடுத்தார். 1944-இல் இம்பாலில் நடந்தது அதுதான். சாலை அடைபட்டது, படை நகரவில்லை, விமானங்கள் சாமான் கொண்டுவந்தன. பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்காதபோது கல்கத்தாச் சணலில் பாராசூட் தைக்க வைத்தார். சுமார் 85,000 பேரோடு வந்த ஜப்பானியப் படை, பாதிக்கு மேல் இழந்து திரும்பியது.

நோயும் அப்படித்தான். 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மாத்திரையை வீரர்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை வைத்தார். 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தப் பட்டாளத்தின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கினார், மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. முன்னணியில் பாதி ரேஷன் என்றால் தலைமையகத்திலும் பாதி ரேஷன். இவர் கூர்க்காக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். அவர் தலைமை தாங்கிய 14-ஆம் ராணுவத்தில் பெரும்பகுதி இந்தியர்கள், பாலமும் சாலையும் போடும் மதராஸ் சாப்பர்களும் அதில் உண்டு. எதிர்ப்பக்கம் நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர்கள் நின்றார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது இன்னொரு மேடைக்கான பேச்சு. அதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எதிரணியினர் உடனே கேட்பார்கள்: “1945-இல் ஐராவதி ஆற்றைத் தாண்டி மெய்க்திலா நகரைப் பிடித்தாரே, அதனால்தானே பெயர்?” ஐயா, மண்டலே பக்கம் எதிரியின் கண்ணை இழுத்து வைத்துவிட்டு, தெற்கே ஆற்றைத் தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த வித்தை அது. அந்த வித்தையை 1942-இல் அவர் மேல் காட்டியவர்கள் ஜப்பானியர்கள்! அடி வாங்கிய இடத்தில் படித்த பாடத்தை, அடித்தவர்களுக்கே நடத்திக் காட்டினார்.

வெற்றி அவருக்கு என்ன கொடுத்தது தெரியுமா? 1945 மே மாதம் ரங்கூன் கைக்கு வந்தது. சில நாட்களிலேயே மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நகர்த்தப் பார்த்தார். அவ்வளவு பெரிய வெற்றியால் ஒரு நாற்காலியைக் காப்பாற்ற முடியவில்லை. செய்தி பரவியதும் படைக்குள் கொந்தளிப்பு எழுந்தது. “அங்கிள் பில்” என்று அழைத்தவர்கள், பசியிலும் காய்ச்சலிலும் தங்களோடு இருந்த மனிதருக்காகக் கோபப்பட்டார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. லீஸ்தான் போனார், அவர் இடத்துக்கு ஸ்லிம் வந்தார். 1948-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பதவியும் வந்தது.

1956-இல் தன் போர் நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டார். 1944-இல் இம்பாலுக்கு வடக்கே இருக்கும் கோஹிமாவுக்கு எதிரி ஒரு முழு டிவிஷனையே, அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட படையையே, அனுப்புவான் என்று தான் கணிக்கத் தவறியதை அதில் மறைக்காமல் எழுதினார். அந்த நூலின் தலைப்பில் அவர் வைத்த முதல் சொல் ‘தோல்வி’. நடுவர் அவர்களே, எங்கள் அணியின் சாட்சி அவர்தான். தீர்ப்பை எங்களுக்கே தாருங்கள். நன்றி, வணக்கம்.