குவாங்சுப் பேரரசரின் துணைவி ஜென்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பெய்ஜிங் அரண்மனையின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கிணற்றைக் கொண்டே, சீனாவை ஆண்ட சிங் அரச குலத்துக் குவாங்சுப் பேரரசரின் துணைவி ஜென்னைப் பலரும் அறிவார்கள். ஆனால் அவர் இறந்த விதத்தைக் காட்டிலும், அங்கே அவர் வாழ நேர்ந்த விதத்தையே நாம் முதலில் அறிய வேண்டும் என்று கருதுகிறேன்.

மஞ்சு இனத்துத் தத்தாரா குலத்தில் 1876இல் பிறந்த ஜென், 1889இல் தம் அக்கா ஜின்னுடன் குவாங்சுப் பேரரசரின் துணைவியாக அரண்மனைக்குள் வந்தார். பட்டத்தரசியின் இடமோ, பேரரசரின் பெரியம்மாவும் ஆட்சியின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தவருமான சிசி அம்மையாரின் தம்பி மகளுக்குச் சென்றது.

அங்கே ஒரு பெண் உண்ணும் இறைச்சி முதல் குளிர்காலக் கரி வரை அனைத்தும் அவருடைய படிநிலைக்கு ஏற்ப அளந்தே வழங்கப்பட்டன. பட்டத்தரசிக்குக் கீழே ஏழு படிகள் இருந்தன. சிங் அரசின் விதிப்படி, ‘ஃபெய்’ என்னும் படியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 300 டேல் (சீன எடை அளவு) வெள்ளியும் ஆறு பணிப்பெண்களும் உண்டு. சிசியின் அறுபதாம் பிறந்தநாள் விழாவை ஒட்டி, 1894இல் ஜென் அந்தப் படிக்கு உயர்ந்தார். ஆனால் அதே ஆண்டில், பதவிகளைப் பெற்றுத்தர முயன்றார், அரசியலில் தலையிட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில், சிசியின் ஆணைப்படி இரண்டு படிகள் இறக்கப்பட்டார். இறக்கப்பட்ட படிக்கு விதிக்கப்பட்டது 100 டேலும் நான்கு பணிப்பெண்களும்தான். துணைவியர் அடங்கி நடக்க வேண்டும் என்று எச்சரிக்கும் பலகையும் அவருடைய இருப்பிடத்தில் தொங்கவிடப்பட்டது. மறு ஆண்டில் பழைய நிலை திரும்பக் கிடைத்தது என்றாலும், கணவரின் அன்பு எவ்வளவு இருந்தாலும் மாமியார் நிலையில் இருந்தவரின் சினத்திலிருந்து அது காப்பாற்றாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

1898இல் பேரரசரின் சீர்திருத்த முயற்சி சிசியால் முறியடிக்கப்பட்டதும், அவர் ஏரித்தீவு மாளிகையிலும் ஜென் அரண்மனையின் ஓர் ஒதுக்குப்புறக் கட்டடத்திலும் சிறை வைக்கப்பட்டனர். 1900 ஆகஸ்டில் எட்டு நாடுகளின் கூட்டுப் படை தலைநகருக்குள் நுழைந்தபோது, சிசி பேரரசரை அழைத்துக்கொண்டு தப்பிச் சென்றார். புறப்படுவதற்கு முன்னர், சிசியின் கட்டளைப்படி அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்) ஒருவர் ஜென்னைக் கிணற்றில் தள்ளினார் என்று அரண்மனையில் இருந்தோர் பின்னாளில் கூறினர். அடுத்த ஆண்டு வந்த அரசாணையோ, பயணக் குழுவுடன் சேர இயலாமல் அவர் அரண்மனையிலேயே உயிர் துறந்தார் என்று கூறி, அவரை ஒரு படி உயர்த்திச் சிறப்பித்தது. உயிரோடு இருந்தபோது பறித்த மதிப்பை இறந்த பின் வழங்கிய இந்தச் செயலை என்னால் கருணை என்று கொள்ள முடியவில்லை.

அரச குலம் முடிதுறந்த பின், 1913இல் ஜென்னின் உடல் மேற்குச் சிங் கல்லறைகளில் பேரரசரின் சமாதிக்கு அருகே மறு அடக்கம் செய்யப்பட்டது. அக்கா ஜின், கிணற்றுக்கு அருகில் தங்கைக்கென ஒரு நினைவு அறையை அமைத்தார்.